பச்சைச் சிலுவைக் கடையில் ஒரு கணக்கு



உங்களில் எத்தனை பேர் சின்ன வயதிலேயே அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தீர்கள்? தபால் கந்தோர், வங்கி, விசா வரிசை, பள்ளிக்கூடக் கூட்டம், டொக்டரின் அறை. நான் எட்டு வயதில் தொடங்கினேன். பெரிய ஆட்கள் என்னைப் பார்த்துக் கதைப்பார்கள், நான் அம்மாவைப் பார்த்துக் கதைப்பேன். அப்போது அது பெருமையாக இருந்தது.

பதினைந்து வயதில் ஒருநாள் டொக்டர் சொன்ன ஒரு வசனத்தை நான் தவறாக மொழிபெயர்த்தேன். பொய் சொல்லவில்லை, சொல்லை விடவும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அம்மா நான்கு மாதம் பிரஷர் குளிசை எடுக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தது டொக்டரும் இல்லை, நானும் இல்லை. எங்கள் தெருமுனையில் பச்சைச் சிலுவை விளக்கு எரிகிற மருந்துக்கடையில் நிற்கிற ஒரு பெண்தான் கண்டுபிடித்தா. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

சிஞ்ஞோராவின் பெட்டி

பலெர்மோவில் இருக்கிற தமிழ் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் வீட்டையும் தெரியும். அப்பா முதலில் வந்தார், பிறகு அம்மா வந்தா. இரண்டு பேரும் மற்றவர்களின் வீடுகளில் வேலை. அம்மா எண்பது வயது தாண்டிய ஒரு சிஞ்ஞோராவைப் பகலில் பார்த்துக்கொள்கிறா. குளிப்பாட்டுவது, சமைப்பது, பல்கனியில் கொண்டுபோய் இருத்துவது, மருந்து கொடுப்பது எல்லாம் அம்மாதான்.

அந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் குளிசைப் பெட்டி இருக்கிறது. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, ஒவ்வொன்றிலும் காலை, மத்தியானம், பின்னேரம், இரவு என்று நாலு அறை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த கிழமைக்கு அந்தப் பெட்டியை நிரப்புவா. இதயத்துக்கு எது, தைரொயிட்டுக்கு எது, எதை வெறும் வயிற்றில் கொடுப்பது, எதை உடைக்கக்கூடாது என்று எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். பெட்டியின் நிறம் மாறி வந்தால் கடைக்குத் திரும்பிப் போய் "இது அதேதானா?" என்று கேட்டுவிட்டு வருவா. சிஞ்ஞோராவுக்கு ஒரு வேளை தவறி நான் கேள்விப்பட்டதில்லை.

அதே அம்மாவுக்கும் குளிசை உண்டு. நாற்பத்திரண்டு வயதில் சீனி வருத்தம் வந்தது. அதற்கு மெட்ஃபோர்மின். இரண்டு வருடம் கழித்து பிரஷர் இருக்கிறது என்றார்கள். அதற்கு ராமிப்ரில், நாளுக்கு ஒன்று. அம்மாவின் குளிசைகள் இருந்தது பெட்டியில் இல்லை. குசினியில், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரின்னுக்குள்.

"பிரஷர் சரியாகிட்டுதாம்"

அது ஒரு செப்ரெம்பர் மாதம். குடும்ப வைத்தியர் அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றி அளந்தார். 128க்கு 78. சிரித்தார். இத்தாலியனில் சொன்னார்: "லா பிரெஸ்ஸியோனே எ அ போஸ்தோ. கொந்தினுவியாமோ கொஸீ."

நான் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, பிரஷர் சரியாகிட்டுதாம். அப்பிடியே இருக்கட்டாம்."

இத்தாலியன் தெரிந்தவர்களுக்கு எங்கே சறுக்கியது என்று விளங்கியிருக்கும். "அ போஸ்தோ" என்றால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குளிசை அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. "கொந்தினுவியாமோ கொஸீ" என்றால் இப்படியே தொடர்வோம், அதாவது குளிசையையும் தொடர்வோம் என்று அர்த்தம். ஆனால் எங்கள் வீட்டுத் தமிழில் "சரியாகிட்டுது" என்றால் காய்ச்சல் விட்டதுபோல, வருத்தம் போய்விட்டது. "அப்பிடியே இருக்கட்டும்" என்றால் இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. படியால் இறங்கும்போது, "பிள்ளையாரப்பா" என்று மட்டும் சொன்னா. அன்றைக்கு வரும் வழியில் எனக்கு ஒரு அரஞ்சீனா வாங்கித் தந்தா. ஒரு நல்ல செய்தியைக் கொண்டாடுவதுபோல.

கடையில் கேட்ட கேள்வி

ஜனவரி கடைசியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அம்மாவோடு மருந்துக்கடைக்குப் போனேன். மெட்ஃபோர்மின் வாங்க. இத்தாலியில் மருந்தாளரையும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் என்றால் தொத்தோரெஸ்ஸா. எங்கள் தொத்தோரெஸ்ஸாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, உரத்த குரல்.

அவ நீல நிறச் சுகாதார அட்டையை வாங்கினா, மருந்துச்சீட்டைப் பார்த்தா, பெட்டியை எடுத்து வைத்தா. பிறகு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டா: "ராமிப்ரில் வேறு எங்கேயும் வாங்குகிறீர்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பற்பசைகளைப் பார்த்தா.

தொத்தோரெஸ்ஸா என்னைப் பார்த்துச் சொன்னா: "ஒரு பெட்டியில் 28 குளிசை. நாளுக்கு ஒன்று. ஒரு பெட்டி நாலு கிழமை. அம்மா கடைசியாக வாங்கியது செப்ரெம்பரில். இப்போது ஜனவரி. நாலு பெட்டி குறைகிறது."

அவ்வளவுதான் கணக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் வீட்டில் இருந்த நாங்கள் ஒருவரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. டொக்டரிடம் அம்மா மெட்ஃபோர்மினுக்கு மட்டும் சீட்டுக் கேட்டா, அவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். மாதாமாதம் அம்மாவின் முகத்தையும் பெட்டிகளையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் கடையில் நின்ற அவதான்.

நான் தமிழில் கேட்டேன்: "ஏன் அம்மா எடுக்கேல்லை?"

"நீதானே சொன்னனீ, சரியாகிட்டுது எண்டு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தக் கடையில் எங்களுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

தொத்தோரெஸ்ஸா எங்களைப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் கூப்பிட்டா. அம்மாவை ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னா. முதுகு கதிரையில் சாய்ந்திருக்க, கால் இரண்டும் நிலத்தில் இருக்க, கையை மேசையில் வைத்து அளந்தா. 168க்கு 96. இரண்டு நிமிடம் விட்டுத் திரும்ப அளந்தா. 164க்கு 94.

அம்மாவுக்குத் தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. அன்று காலை மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறா. பிரஷர் அப்படித்தான். சத்தம் போடாது.

அம்மாவின் இத்தாலியன்

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமான பாடம். தொத்தோரெஸ்ஸா என்னைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, அம்மாவுடன் நேரே கதைத்தா. மெதுவாக, சின்னச் சின்ன வசனமாக. நான் இடையில் புகுந்தபோது, கையைக் காட்டி நிறுத்தினா. "அம்மாவுக்கு இது விளங்கும். ஒவ்வொரு கிழமையும் சிஞ்ஞோராவின் மருந்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிறோம்" என்றா.

எனக்கு அது தெரியாது. அம்மா அந்தக் கடையில் தனியாக நின்று, பெட்டியைக் காட்டி, வெறும் வயிற்றிலா, பால் குடிக்கலாமா, தலை சுற்றினால் என்ன செய்வது என்று இத்தாலியனில் கேட்டிருக்கிறா. மருந்துகளைப் பற்றிய இத்தாலியன் என்னை விட அம்மாவுக்குத்தான் கூடத் தெரியும். நான் பக்கத்தில் நிற்கும்போதும், கதை தன்னைப் பற்றியதாக இருக்கும்போதும் மட்டும்தான் அம்மா ஊமையாகிவிடுவா.

தொத்தோரெஸ்ஸா கேட்ட கேள்வியில் திட்டு இல்லை. "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்கவில்லை. "நிறையப் பேர் இந்தக் குளிசையை இடையில் விடுகிறார்கள். உங்களுக்கு இது எடுக்கும்போது ஏதாவது கரைச்சல் இருந்ததா?" என்று கேட்டா.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு தொண்டையைத் தொட்டுக் காட்டினா. "தோஸ்ஸே." இருமல்.

அப்போதுதான் முழுக்கதையும் வந்தது. ராமிப்ரில் தொடங்கிச் சில கிழமையில் அம்மாவுக்கு வறட்டு இருமல் வந்திருக்கிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் நிற்காது. சிஞ்ஞோராவின் மகன் வந்து, "உங்களுக்கு ஏதும் தொற்று இருக்கிறதா, அம்மாவுக்கு ஒட்டிவிடுமோ" என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம். அந்த நேரத்தில்தான் நான் "சரியாகிட்டுதாம்" என்று சொன்னேன். அம்மா குளிசையை விட்டா. கொஞ்ச நாளில் இருமல் நின்றது. இதை விட வேறு என்ன சாட்சி வேண்டும்?

இந்த வகைக் குளிசைகளால் சிலருக்கு வறட்டு இருமல் வருவது டொக்டர்மாருக்கும் மருந்தாளர்மாருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்கு மாற்றாக 'சார்தான்' என்று முடிகிற பெயருள்ள குளிசைகள் இருக்கின்றன. லோசார்தான், வல்சார்தான் போன்றவை. அவற்றில் அந்த இருமல் மிகவும் குறைவு. அம்மா ஒரு சொல் சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லை அம்மா எப்படிச் சொல்லுவா? டொக்டரிடம் போனால் நான் பக்கத்தில். என்னிடம் சொன்னால், வேலை போகப்போகிறது என்ற பயத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். பிள்ளைக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது என்று அம்மா நினைத்திருக்கிறா.

மருந்தாளருக்கு குளிசையை மாற்றுகிற அதிகாரம் இல்லை. அவ ஒரு தாளில் இரண்டு அளவையும் எழுதி, இருமலையும் எழுதி, திங்கட்கிழமையே டொக்டரிடம் கொடுக்கச் சொன்னா. நெஞ்சு நோவு, மூச்சு முட்டல், கை கால் விறைப்பு, பேச்சுக் குழறல் வந்தால் காத்திருக்காமல் அவசர இலக்கத்தை அழைக்கச் சொன்னா. திங்கள் பின்னேரம் புதிய குளிசை வந்தது.

சீனியும் பிரஷரும் ஏன் சோடி?

உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். சீனிக்கு அம்மா ஒழுங்காகக் குளிசை எடுத்தா தானே, பிரஷரில் கொஞ்சம் விட்டால் என்ன?

சீனி கூடினால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகும். பிரஷர் கூடினால் அதே சுவர் இடிபடும். கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற குழாய்கள் மயிரை விட மெல்லியவை. இரண்டும் சேர்ந்து அடிக்கும்போது முதலில் கெடுவது அவைதான். பெரிய குழாய்களில் என்றால் மாரடைப்பு, பக்கவாதம்.

பிரித்தானியாவில் நடந்த ஒரு பெரிய நீரிழிவு ஆய்வின் முடிவு 1998இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவும் பிரஷரும் இருந்த 1,148 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து எட்டு வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். ஒரு குழுவின் சராசரி பிரஷர் 144க்கு 82. மற்றக் குழுவுக்கு 154க்கு 87. வித்தியாசம் பத்தும் ஐந்தும்தான். ஆனால் பிரஷர் குறைவாக இருந்த குழுவில் பக்கவாதம் 44 வீதம் குறைந்தது. நீரிழிவோடு தொடர்புடைய இறப்பு 32 வீதம் குறைந்தது. கண் போன்ற சின்னக் குழாய்களின் பாதிப்பு 37 வீதம் குறைந்தது.

தெற்காசிய உடம்புக்கு நீரிழிவு இளவயதிலேயே, அதிகம் பருமன் இல்லாமலே வரும் என்பதும் தெரிந்த விஷயம்தான். உங்கள் அம்மா அப்பா மெலிவாக இருக்கிறார்கள் என்பதால் நம்பி இருக்காதீர்கள்.

அம்மா மட்டும் இல்லை

அன்றைக்கு நான் நினைத்தேன், இந்த உலகத்தில் அம்மா மட்டும்தான் இப்படி என்று. உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஓர் அறிக்கை வேறு மாதிரிச் சொல்கிறது. வசதியான நாடுகளிலேயே, நீண்டகால வருத்தம் உள்ளவர்களில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள். இத்தாலியனோ தமிழனோ, படித்தவனோ படிக்காதவனோ, எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள்.

இதில் மருந்தாளர்கள் என்ன செய்ய முடியும் என்று தேடி வாசித்தபோது மூன்று ஆய்வுகள் எனக்குப் பிடித்தன.

முதலாவது 2006இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வாஷிங்டனில் ஒரு இராணுவ மருத்துவமனையில், பல குளிசைகள் எடுக்கும் 65 வயது தாண்டிய 200 பேர். மருந்தாளர் ஒவ்வொரு குளிசையையும் விளங்கப்படுத்தி, நேரத்துக்கு நேரம் பிரித்து அடைத்துக் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சந்தித்தார். ஆறு மாதத்தில், ஒழுங்காக எடுக்கிற அளவு 61 வீதத்திலிருந்து 97 வீதமானது. பிறகு பாதிப் பேருக்கு இந்த உதவியை நிறுத்தினார்கள். அவர்கள் திரும்ப 69 வீதத்துக்கு இறங்கினார்கள். உதவி தொடர்ந்தவர்கள் 96 வீதத்தில் நின்றார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்த இறக்கம்தான். ஒருமுறை விளங்கப்படுத்தினால் போதாது, யாராவது தொடர்ந்து கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும் என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது 2018இல் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில், பிரஷர் கூடிய கறுப்பின ஆண்கள் வழக்கமாக முடி வெட்டும் 52 கடைகள். சில கடைகளுக்கு மருந்தாளர்களே போனார்கள். டொக்டர்மாரோடு செய்த உடன்பாட்டின்படி அங்கேயே அளந்து மருந்தும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களின் மேல் பிரஷர் சராசரியாக 27 குறைந்தது. முடி வெட்டுபவர் அறிவுரை சொல்லி டொக்டரிடம் அனுப்பிய கடைகளில் 9 மட்டும் குறைந்தது.

மூன்றாவது எங்கள் ஊருக்குக் கிட்ட. 2020இல் வெளிவந்தது. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் 2,645 பேர். இங்கே மருந்தாளர் இல்லை, சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் அளந்து, கதைத்து, தேவையானவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் வழமையான பராமரிப்பை விட ஐந்து அளவுக்குக் கூடுதலாகப் பிரஷர் குறைந்தது.

மூன்றிலும் ஒன்றுதான் பொது. தெரிந்த முகம் ஒன்று, திரும்பத் திரும்ப வந்து கேட்டது.

தொத்தோரெஸ்ஸா செய்த சின்ன வேலைகள்

அடுத்த மாதங்களில் அவ அம்மாவோடு செய்ததைச் சொல்கிறேன். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். சாப்பிடாமல் குளிசை எடுக்கக்கூடாது என்று நினைத்து வெள்ளியில் எல்லாவற்றையும் விட்டுவிடுவா. மெட்ஃபோர்மின்தான் சாப்பாட்டோடு எடுக்கவேண்டியது, பிரஷர் குளிசைக்குச் சாப்பாடு தேவையில்லை, தண்ணியோடு எடுக்கலாம் என்று அவ பிரித்துச் சொன்னா. விரத நாளில் மெட்ஃபோர்மினை என்ன செய்வது என்பதை டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொன்னா. சில சீனிக் குளிசைகளோடும் இன்சுலினோடும் பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும் என்பதால், இதை யாரும் தாங்களாகத் தீர்மானிக்கக்கூடாது.

ஒவ்வொரு முறையும் வேறு கம்பனியின் பெட்டி வந்தது. ஒருமுறை வெள்ளை, ஒருமுறை நீலம். அவ பழைய பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயர் எழுதியிருக்கிற இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினா. முடிந்தவரை ஒரே கம்பனியையே எடுத்து வைத்தா.

அம்மாவுக்கு முழங்கால் நோவு. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள், படிகள். இப்யூபுரோஃபென் வாங்கி அடிக்கடி போடுவா. அது பிரஷரைக் கூட்டும், பிரஷர் குளிசையோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்று அவ நிறுத்தச் சொல்லி, டொக்டரிடம் வேறு வழி கேட்கச் சொன்னா.

நான் நல்ல பிள்ளையாக, சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்றை வாங்கி வந்தேன். அதையும் காட்டச் சொன்னா. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். அம்மாவின் குளிசையும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. ஆகவே டொக்டர் சொல்லாமல் வேண்டாம் என்றா. ஊறுகாய், கருவாடு, அப்பளம், இங்கத்தை ஒலிவ், அஞ்சோவி எல்லாவற்றிலும் கொஞ்சம் குறைத்தாலே போதும் என்றா.

ஒரு வேளை மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடக்கூடாது, வழமையான நேரத்தில் ஒன்று மட்டும். இதை அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொன்னா. "எனக்கு விளங்கியதா என்று பார்க்க இல்லை, நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று பார்க்க" என்றா. அம்மா சிரித்துவிட்டுத் திருப்பிச் சொன்னா.

கடைசியாக, ஒரு குளிசைப் பெட்டி எடுத்து அம்மாவின் கையில் வைத்தா. சிஞ்ஞோராவுடையது மாதிரியே, ஏழு வரிசை. "சனிக்கிழமை அவவின் பெட்டியை நிரப்பி முடித்தவுடன், அதே கதிரையில் இருந்து உங்களுடையதையும் நிரப்புங்கோ."

நீங்கள் எங்கே இருந்தாலும்

இத்தாலியில் 2009இல் வந்த ஒரு சட்டம் மருந்துக்கடைகள் மருந்து விற்பதோடு சில சுகாதாரச் சேவைகளும் செய்யலாம் என்று வழி திறந்தது. 'ஃபார்மச்சியா தெய் செர்வித்ஸி' என்று கேட்டால் தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு 013 என்ற இலக்கத்தில் ஒரு கட்டண விலக்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது பதியாமல் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 2011 முதல், பிரஷருக்கோ இரண்டாம் வகை நீரிழிவுக்கோ புதிதாக ஒரு மருந்து தொடங்கினால், மருந்தாளர் அடுத்த சில கிழமைகளில் உங்களைக் கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேட்கும் சேவை இருக்கிறது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 2007இல் 'மெட்ஸ்செக்' என்று ஒன்றைத் தொடங்கியது. மருந்தாளரோடு இருந்து எல்லா மருந்தையும் பரிசீலிப்பது அது. 2010இல் நீரிழிவு உள்ளவர்களுக்கென்று தனியாகவும் வந்தது. ஜெர்மனியில் 2022 முதல், பிரஷர் மருந்து எடுப்பவர்கள் மருந்துக்கடையில் முறையாக அளந்து பார்க்கவும், ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்து எடுப்பவர்கள் ஆலோசனை பெறவும் காப்புறுதி பணம் கொடுக்கிறது. விதிகள் மாறும், உங்கள் கடையில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அம்மா அப்பாமாருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தாங்களாகக் கேட்க மாட்டார்கள்.

மொழிபெயர்க்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு விஷயம். டொக்டர் "நல்லாயிருக்கு" என்று சொன்னால், "குளிசையை நிறுத்துவதா, தொடர்வதா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழும்புங்கள். அதோடு, அம்மாவோ அப்பாவோ உங்கள் வாயால் சொல்ல விரும்பாத விஷயங்கள் இருக்கும். அவர்களைக் கொஞ்ச நேரம் தனியாகக் கதைக்க விடுங்கள். மொழி போதாது என்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமா என்று கேளுங்கள். எல்லாப் பாரத்தையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை சுமக்கத் தேவையில்லை.

நான் கொஞ்ச நாள் பொலிஸ்காரி மாதிரியும் நடந்து பார்த்தேன். "எடுத்தாச்சா? எடுத்தாச்சா?" அம்மா எரிச்சலோடு "ஓம்" என்பா. பொய்யா உண்மையா தெரியாது. இப்போது கேட்பதில்லை. குளிசைப் பெட்டியின் வெற்று அறைகள் தாங்களே சொல்லும்.

அந்த வருடம் மே மாதம் அம்மாவின் பிரஷர் 132க்கு 80. வைத்தியர் அதே வசனத்தைச் சொன்னார்: "எ அ போஸ்தோ." நான் வாய் திறக்க முன்னமே அம்மா தானாகக் கேட்டா, தன்னுடைய இத்தாலியனில்: "அப்போ குளிசை தொடர்ந்து எடுக்கிறது, அப்பிடித்தானே?"

செப்ரெம்பரில் சந்தா ரொசாலியா மலைக்கு நடந்து ஏறினோம். பலெர்மோத் தமிழர் சைவமோ வேதமோ எல்லோரும் ஏறுகிற மலை. பாதி வழியில் அம்மா கல்லில் இருந்து, கைப்பையைத் திறந்து, தண்ணிப் போத்தலையும் சின்னப் பெட்டியையும் எடுத்தா. வெள்ளிக்கிழமை என்று எழுதிய அறையைத் திறந்தா. விரதம்தான். ஒரு குளிசையை மட்டும் போட்டுத் தண்ணி குடித்துவிட்டு, "வா பிள்ளை, வெயில் ஏற முன்னம் போவம்" என்றா.

இந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்தால், குசினியில் உள்ள பழைய ரின்னைத் திறந்து பாருங்கள். பெட்டியில் எத்தனை குளிசை, வாங்கி எத்தனை நாள் என்று மட்டும் எண்ணுங்கள். கணக்குச் சரிவராவிட்டால் சண்டை பிடிக்காமல், அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு பச்சைச் சிலுவைக் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள்.